குக்கரில் ரிப்ஸ்: முதலில் விசில் எண்ணுவதை விடுங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பன்றி ரிப்ஸ், அதாவது விலா எலும்புக் கறி, ஒரு ஸ்லாப் (வெட்டாத முழு வரிசை) வாங்கி, பாட்டிலில் இருந்த பார்பிக்யூ சாஸை முழுக்க அதன் தலையில் ஊற்றி, குக்கரில் எட்டு விசில் விட்டு இறக்கியிருக்கிறீர்கள். அடி பிடித்துவிட்டது. எலும்பைத் தூக்கினால் எலும்பு மட்டும் கையோடு வருகிறது, கறி பாத்திரத்திலேயே நின்றுவிடுகிறது. ருசி கேட்டால், வெந்த கறி மேல் ஜாம் தடவினாற்போல. கடையில் கிடைப்பதுபோலப் பளபளவென்று, மெத்தென்று, ஆனால் கூழாகாமல் வீட்டுக் குக்கரில் வருமா, வருமென்றால் எத்தனை விசில்?

வரும். எத்தனை விசில் என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, ஏன் இல்லை என்பதை கீழே சொல்கிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில், பதினோரு வருடமாக. ரிப்ஸுக்குப் பேர்போன ஊர். இங்கே வந்து குக்கரில் ரிப்ஸ் செய்கிறேன் என்று சொல்வது, திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு மைக்ரோவேவில் அல்வா கிண்டுகிறேன் என்று சொல்வது மாதிரி. ஆனால் நான் இருந்த அபார்ட்மென்டில் பால்கனியில் கரி அடுப்பு வைக்க அனுமதி கிடையாது, ஜனவரியில் வெளியே மைனஸ் பதினைந்து, ஆறு மணி நேரம் புகைபோட்டுக் காவல் காக்க ஆளும் இல்லை. இருந்தது ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த ஒரு ஐந்து லிட்டர் குக்கர்தான். முதல் ஸ்லாப் உங்களுடையதைப் போலவேதான் ஆனது. இரண்டாவது ரப்பர். மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

இத்தனை ஸ்லாபைக் கெடுத்த பிறகு புரிந்தது ஒன்றுதான். குக்கருக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும், மெத்தென்று ஆக்குவது. நிறம், கருகின ஓரம், புகை வாசம், சாஸின் பளபளப்பு எதுவும் அதற்குத் தெரியாது, உள்ளே ஈரத்தில் அது நடக்கவும் நடக்காது. கறி பொன்னிறமாகச் சிவக்க அதன் மேற்பரப்பு காய்ந்து, 140, 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டும். குக்கருக்குள் எவ்வளவு தம் கட்டினாலும் 120 சொச்சம்தான், அதுவும் முழுக்க நீராவி. அதனால் குக்கரிலிருந்து வெளியே வரும்போது ரிப்ஸ் சாம்பல் நிறத்தில், பார்க்கவே பிடிக்காத மாதிரிதான் இருக்கும். பயந்துவிடாதீர்கள், அது பாதிக் கிணறு. நீங்கள் அங்கேயே நின்றுவிட்டீர்கள், அல்லது மீதிப் பாதியையும் குக்கருக்குள்ளேயே தாண்டப் பார்த்தீர்கள்.

எதற்கு இவ்வளவு நேரம் வேக வேண்டியிருக்கிறது என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் நேரக்கணக்கு தானாக வரும். விலா எலும்புக் கறியில் கொலாஜன் என்கிற பசைநார் நிறைய. சூட்டில் மெதுவாகக் கரைந்து ஜெலட்டின் ஆகும். ஆட்டுக்கால் சூப் ஆறினதும் கையில் ஒட்டுகிறதே, அதுதான். அறுபது டிகிரியைத் தாண்டினாலே இது ஆரம்பித்துவிடும், ஆனால் ஆமை வேகம், சூடு ஏற ஏறத்தான் வேகம் பிடிக்கும். இந்த ஊர் ஆட்கள் 110 டிகிரி புகைக்கூண்டில் ஐந்தாறு மணி நேரம் வைக்கிறார்கள் என்றால், கூண்டுதான் 110, கறி இல்லை. கறியின் மேலே ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அது தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும், எழுபது டிகிரிப் பக்கம் வந்து மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். கடைசியில் உள்ளே 90, 95 டிகிரி எட்டும்போது பதம். குக்கரில் இந்த ஆவியாகும் கதையே இல்லை, கறி மொத்தமும் சீக்கிரமே 115, 120க்குப் போய்விடுகிறது. ஆறு மணி நேரம் அரை மணியில் முடிவது அதனால்தான், ஐந்து நிமிடம் கூடினாலே கூழாவதும் அதனால்தான். கூண்டில் ஐந்து நிமிடம் என்பது ஒன்றுமே இல்லை. குக்கரில் அது பதத்துக்கும் பஞ்சுக்கும் நடுவில் இருக்கும் தூரம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குக்கர் என்கிற சாமானே எலும்புக்காகப் பிறந்ததுதான். டெனி பாப்பின் என்கிற பிரெஞ்சுக்காரர் 1679ல் லண்டனில் இதைச் செய்தபோது அதற்கு வைத்த பெயரே எலும்பைச் செரிக்கவைக்கும் பாத்திரம் என்கிற பொருளில்தான். 1682ல் ராயல் சொசைட்டி என்கிற லண்டன் அறிவியல் சங்கத்து ஆட்களுக்கு அதில் சமைத்து விருந்தே வைத்தார். மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி மாதிரி மெத்தென்று ஆகியிருந்ததாக, சாப்பிட்ட ஜான் எவ்லின் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். எலும்பையே கரைக்கிற ஏனத்தில் கறியைப் போட்டு எட்டு விசில் விட்டால் என்ன மிஞ்சும், சொல்லுங்கள்.

சரி, பதம் என்றால் எது பதம்? எலும்பைவிட்டு விழ வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், சாப்பாட்டுக் கடை மெனுவிலும் அப்படியே பெருமையாகப் போடுகிறார்கள். ஆனால் கான்சஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டி நடத்துகிற போட்டிகளில் எலும்பைவிட்டு விழுகிற ரிப்ஸுக்கு மதிப்பெண் குறையும், அது அதிகம் வெந்தது என்று கணக்கு. கடித்த இடத்தில் மட்டும் கறி சுத்தமாகப் பிரிந்து வர வேண்டும், பல் பதிந்த வடிவம் அப்படியே தெரிய வேண்டும், கடிக்காத இடத்தில் கறி எலும்போடு ஒட்டியிருக்க வேண்டும். நானும் இந்தக் கட்சிதான். வீட்டில் இரண்டு பேர் எதிர்க்கட்சி, அவர்களுக்கு எலும்பு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால்தான் திருப்தி. அது அவரவர் நாக்கு. எதைத் தேடுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு வைத்தால் போதும், நேரத்தில் ஐந்து நிமிடம்தான் வித்தியாசம்.

கறி வாங்கும்போது கடையில் மூன்று பெயர் பார்ப்பீர்கள். பேபி பேக் என்பது குட்டிப் பன்றி இல்லை, முதுகெலும்பை ஒட்டிய மேல்பக்க விலா, சின்னது, வளைவு அதிகம், கொழுப்பு கொஞ்சம் கம்மி. ஸ்பேர் ரிப்ஸ் அதற்குக் கீழே வயிற்றுப் பக்கம், பெரியது, கொழுப்பும் நாரும் கூட, ருசியும் கூட. அந்த ஸ்பேர் ரிப்ஸின் கீழ்ப்பக்கத்துக் குருத்தெலும்புத் துண்டை வெட்டிவிட்டு நீள்சதுரமாக ஒழுங்கு செய்தது செயின்ட் லூயிஸ் கட். புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் செயின்ட் லூயிஸைத்தான் சொல்வேன். பட்டையாக இருப்பதால் பிறகு ஓவனில் சீராகச் சிவக்கும், நார் அதிகமாக இருப்பதால் இரண்டு நிமிடம் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் உப்புக்கரைசல் சேர்த்தது என்று பத்து, பன்னிரண்டு சதவீதம் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் கறியில் ஏற்கெனவே உப்புத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள், நீங்கள் போடும் உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். நான் இதைக் கவனிக்காமல் ஒருமுறை விருந்தினருக்குக் கருவாடு பரிமாறினேன்.

அப்புறம் அந்தச் சவ்வு. பெரும்பாலானவர்கள் விடுவது இதைத்தான். ஸ்லாபை எலும்புப் பக்கம் மேலாகத் திருப்பிப் போட்டால் வெள்ளையாக, கொஞ்சம் மினுங்குகிற மெல்லிய தோல் ஒன்று எலும்புகளை மூடியிருக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் அது பிளாஸ்டிக் மாதிரி பல்லில் இழுபடும், மசாலாவையும் உள்ளே விடாது. இதை உரிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் கூர்க்கத்தியை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வெண்ணெய் தடவுகிற மொட்டைக் கத்தியைக் கேட்டு வாங்கினார். ஓரத்திலிருந்து இரண்டாவதோ மூன்றாவதோ எலும்பின் மேல் கத்தி முனையைச் சவ்வுக்கு அடியில் நுழைத்து, லேசாக நெம்பி, விரல் போகிற அளவு இடம் பண்ணினார். பிறகு பேப்பர் டவலால் அந்த முனையைப் பிடித்து, ஒரே இழு. வெறும் விரலென்றால் வழுக்கும், காகிதம் பிடித்துக்கொள்ளும். சரக்கென்று முழுத் தோலும் ஒரே துண்டாக வந்தது. எனக்கு இன்றும் சில நாள் பாதியில் கிழிந்து மூன்று தவணையாகத்தான் வருகிறது, பரவாயில்லை. சில கடைகளில் உரித்தே விற்பார்கள். நெம்பிப் பார்த்து எதுவும் வரவில்லையென்றால் கறியைப் போட்டுக் குடையாதீர்கள், அங்கே சவ்வே இருக்காது.

மசாலாவில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. ஒரு கிலோ ஸ்லாபுக்கு ஒன்றேகால் டீஸ்பூன் தூள் உப்பு, இரண்டு டேபிள்ஸ்பூன் பிரவுன் சுகர், ஒரு டேபிள்ஸ்பூன் புகைபோட்ட பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த் தூள்), கறுப்பு மிளகுத் தூள், பூண்டுத் தூள், வெங்காயத் தூள் ஒவ்வொரு டீஸ்பூன், காரத்துக்கு மிளகாய்த் தூள் அவரவர் தைரியம். பிரவுன் சுகர் கிடைக்காவிட்டால் நாட்டுச்சர்க்கரை போடுங்கள், எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கிறது. கரம் மசாலா, இஞ்சி பூண்டு விழுது எல்லாம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் போட்டால் அது வேறு பண்டம், அதுவும் நன்றாக இருக்கும், இதன் பெயரில் கூப்பிட வேண்டாம், அவ்வளவுதான். உப்பை மட்டும் முதல் நாள் ராத்திரியே தேய்த்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் உள்வரை இறங்கும். மறந்துவிட்டால் ஒரு மணி நேரமாவது. குக்கரில் வேகிற அரை மணியில் உப்பு உள்ளே போகும் என்று நம்பாதீர்கள்.

குக்கருக்குள் வைக்கும் விதத்துக்கு வருவோம், உங்கள் அடி பிடித்த கதை இங்கேதான். கெட்டியான சாஸ், அதிலும் சர்க்கரை, அடிச்சூட்டில் நேரே உட்கார்ந்தால் நீராவி வருவதற்கு முன்பே ஒட்டிக் கருகும். எலக்ட்ரிக் குக்கராக இருந்தால் திரையில் கருகுகிறது என்று அறிவிப்பு வந்து நின்றுவிடும், அடுப்புக் குக்கரில் மூக்குதான் அறிவிப்பு. அதனால் வேகவைக்கும்போது சாஸ் ஒரு சொட்டுகூட வேண்டாம். அடியில் ஒரு ஸ்டாண்ட் போட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். எலக்ட்ரிக்கில் ஒரு கப் போதும், விசில் குக்கரில் ஆவி வீணாகும் என்பதால் ஒன்றரை கப். தண்ணீருக்குப் பதில் பாதி ஆப்பிள் ஜூஸ், இரண்டு ஸ்பூன் ஆப்பிள் சைடர் வினிகர் என்று ஊற்றுவார்கள், வாசம் நன்றாகத்தான் இருக்கும். உங்களுடையது பழைய வெள்ளை அலுமினியக் குக்கர் என்றால் வினிகரை விட்டுவிடுங்கள், புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். கறி தண்ணீரில் முங்கவே கூடாது. முங்கினால் ருசியெல்லாம் தண்ணீருக்குப் போய், கறி அவித்த கறியாகவே நிற்கும்.

ஸ்லாபைப் படுக்கவைக்க இடமிருக்காது. நிறுத்திவைத்து, குக்கரின் சுவரை ஒட்டிப் பாய் சுருட்டுவதுபோல வட்டமாக வளைத்துவிடுங்கள், எலும்புப் பக்கம் உள்ளே, கறிப் பக்கம் வெளியே. நீளம் அதிகமென்றால் பாதியாக வெட்டி இரண்டு வளையமாக வைக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் இருப்பது வேகாமல் நிற்கும். கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடுவதற்கு முன் வெயிட் உட்காரும் குழாயில் ஒருமுறை ஊதிப் பார்த்துவிடுங்கள், அம்மா செய்கிற மாதிரி. பருப்பு நுரை ஒன்று காய்ந்து அடைத்திருந்தால் அன்றைக்கு ரிப்ஸ் கூரையில்தான்.

இப்போது விசில். விசில் என்பது அதிகமான ஆவியை வெயிட் தூக்கி வெளியேற்றும் சத்தம், அது கடிகாரம் இல்லை. தீ பெரிதாக இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று அடிக்கும், சிம்மில் பத்து நிமிடத்துக்கு ஒன்று, கேஸ்கட் தேய்ந்திருந்தால் அடிக்கவே அடிக்காது. என் எட்டு விசில் பதினாறு நிமிடமாகவும் உங்கள் எட்டு விசில் ஐம்பது நிமிடமாகவும் இருக்கலாம். பருப்பு, சாதத்துக்கு நம் கைப்பழக்கம் இந்த வித்தியாசத்தைச் சமாளித்துவிடும், ரிப்ஸில் அது நடக்காது. முதல் விசில் வந்ததும் தீயை சிம்மில் வைத்து, அங்கிருந்து நிமிடக் கணக்கு. நம் ஊர் அடுப்புக் குக்கரின் அழுத்தம் சுமார் 15 பிஎஸ்ஐ, உள்ளே 120 டிகிரி பக்கம் வரும். அதில் பேபி பேக்குக்கு 16 முதல் 18 நிமிடம், செயின்ட் லூயிஸுக்கு 22 முதல் 25. இன்ஸ்டன்ட் பாட் மாதிரி எலக்ட்ரிக் குக்கர்கள் 10, 11 பிஎஸ்ஐதான் கொடுக்கும், சூடும் 115 முதல் 118 வரைதான், அதனால் பேபி பேக் 22 முதல் 25, செயின்ட் லூயிஸ் 30. எதிர்க்கட்சிக்காரர்களுக்கு எல்லாவற்றிலும் ஐந்து கூட்டிக்கொள்ளுங்கள். டென்வர் மாதிரி உயரமான ஊரில் இருந்தாலும் கூட்ட வேண்டும், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, குக்கர் உள்ளே எட்டும் சூடும் அதற்கேற்றபடி இறங்கும். முதல் தடவை குறைந்த கணக்கிலேயே வையுங்கள். வேகாததை மறுபடி மூடி ஐந்து நிமிடம் வைக்க முடியும், கூழானதை ஒட்டவைக்க முடியாது.

இது முடிந்ததும் கை பரபரக்கும். வெயிட்டைத் தூக்கிப் புஸ்ஸென்று ஆவியை விட வேண்டாம், குக்கரைக் குழாயடியில் காட்டவும் வேண்டாம். அழுத்தம் திடீரென்று இறங்கினால் 120 டிகிரியில் இருந்த கறிக்குள் இருக்கும் ஈரம் அந்த நொடியே கொதித்து வெளியே பாயும். நார் பிய்ந்து, மேலே தூளாகவும் உள்ளே வறட்சியாகவும் ஆகிவிடும். அடுப்பை அணைத்துவிட்டு 15 நிமிடம் கிட்டவே போகாதீர்கள். அந்த 15 நிமிடத்திலும் கறி வெந்துகொண்டுதான் இருக்கும், மேலே சொன்ன கணக்கு அதையும் சேர்த்துத்தான். மூடியைத் திறந்து, எலும்பின் நுனியில் கறி சுருங்கி ஒரு சென்டிமீட்டர் எலும்பு வெளியே தெரிந்தால், பல்குச்சி இரண்டு எலும்புக்கு நடுவே வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால், பதம்.

சுடச்சுட ஸ்லாபைத் தூக்கினால் நடுவில் உடையும். இடுக்கியால் மட்டும் பிடிக்காமல் அடியில் அகலக் கரண்டி ஒன்றைக் கொடுத்துத் தூக்கி, தட்டில் வைத்து ஆறவிடுங்கள். விருந்துக்குச் செய்கிறீர்கள் என்றால் இன்னொரு நல்ல வழி உண்டு. முதல் நாளே வேகவைத்து, ஃபாயிலில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கரைந்த ஜெலட்டின் உறைந்து ஸ்லாப் பலகை மாதிரி இறுகிவிடும். மறுநாள் அதைப் புரட்டலாம், சாஸ் தடவலாம், கரி அடுப்பில் போடலாம், உடையாது. சூடேறினதும் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். நான் இப்போது பெரும்பாலும் இப்படித்தான்.

சாஸுக்கு வருவோம். அமெரிக்காவில் பார்பிக்யூ சாஸ் என்றால் ஒன்றல்ல. கரோலினா பக்கம் வினிகரும் கடுகும், அலபாமாவின் வடக்கே மயோனைஸ் போட்ட வெள்ளைச் சாஸ், மெம்பிஸில் சாஸே இல்லாமல் வெறும் மசாலாத் தூளோடு சாப்பிடுகிற கோஷ்டி உண்டு. நாம் பாட்டிலில் பார்க்கிற கெட்டியான தக்காளித் தித்திப்பு கான்சஸ் சிட்டி பாணி. அதை நாடு முழுக்க மளிகைக் கடை அலமாரிக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ரிச் டேவிஸ் என்கிற குழந்தைகள் மனநல மருத்துவர், 1977ல் இங்கே தொடங்கினார். இதே ஊரில் 1900களின் தொடக்கத்திலேயே புகைபோட்ட கறியைச் செய்தித்தாளில் சுற்றி விற்ற ஹென்றி பெர்ரியின் சாஸோ தித்திப்பே இல்லாமல் சுள்ளென்று காரமாக இருக்குமாம். பாட்டிலே போதும் என்றால் போதும், குற்றமில்லை. வீட்டில் செய்வதென்றால் ஒரு கப் கெச்சப், கால் கப் ஆப்பிள் சைடர் வினிகர், கால் கப் பிரவுன் சுகர், ஒரு டேபிள்ஸ்பூன் மொலாசஸ், ஒரு டேபிள்ஸ்பூன் வூஸ்டர்ஷயர் சாஸ், ஒரு டீஸ்பூன் கடுகு விழுது, மிளகு, மிளகாய்த் தூள். மொலாசஸ் இல்லாவிட்டால் கருப்பட்டிப் பாகு, கருகல் கலந்த அந்த ஆழமான தித்திப்பு கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் போகும். வூஸ்டர்ஷயர் இல்லாவிட்டால் கவலையே வேண்டாம், அந்தச் சாஸில் நெத்திலியும் புளியும்தான் முக்கியம். ஒரு ஸ்பூன் புளிக்கரைசல் விட்டால் பாதிக் கடன் தீர்ந்தது.

இதோடு குக்கரின் அடியில் மிஞ்சிய தண்ணீரையும் சேர்க்க வேண்டும். கொட்டிவிடாதீர்கள். மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, ஒரு கப் அளவு எடுத்துத் தனியாகக் கொதிக்கவிட்டுக் கால் கப்பாகச் சுண்டவைத்து சாஸில் ஊற்றுங்கள். கறியிலிருந்து இறங்கிய ஜெலட்டின் அதில்தான் இருக்கிறது, சாஸ் ரிப்ஸில் ஒட்டிப் பளபளவென்று நிற்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். உப்பு ஏற்கெனவே இருக்கும், ருசி பார்த்துவிட்டு ஊற்றுங்கள். சாஸ் மொத்தமும் ஒரு பத்து நிமிடம் கொதித்து, கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்கிற அளவு கெட்டியாகட்டும்.

கடைசிப் படி பிராய்லர், அதாவது ஓவனின் மேல்கம்பிச் சூடு. இந்தப் பத்து நிமிடம் செல்போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். ஸ்லாபின் மேல் ஈரத்தைப் பேப்பர் டவலால் ஒற்றி எடுத்து, கறிப் பக்கம் மேலாக ஃபாயில் போட்ட தட்டில் வைத்து, கம்பியிலிருந்து ஒரு சாண் கீழே தள்ளுங்கள். முதலில் சாஸ் இல்லாமலே மூன்று நிமிடம், மேல் கொழுப்பு சலசலக்க ஆரம்பிக்கும். வெளியே இழுத்து மெல்லிய ஒரு பூச்சு, பெயின்ட் அடிப்பதுபோல, அவ்வளவுதான். உள்ளே தள்ளி இரண்டு நிமிடம். சாஸ் முதலில் இளகும், பிறகு சின்னச் சின்னக் குமிழாகக் கொதிக்கும், குமிழ்கள் பெரிதாகி உடைகிற இடத்தில் ஓரங்கள் கருஞ்சிவப்பாக மாறும். அங்கே எடுத்துவிட்டு அடுத்த பூச்சு. இப்படி மூன்று முறை. ஒரே தடவையில் கெட்டியாகக் கொட்டினால் மேலே கருகி அடியில் பச்சைச் சாஸாகவே இருக்கும், நீங்கள் சொன்ன ஜாம் ருசி அதுதான். ஓரத்தில் நாலைந்து கறுப்புப் புள்ளி விழுந்தால் நல்லது, கறுப்பு பரவ ஆரம்பித்தால் நீங்கள் அரை நிமிடம் தாமதம். புகை அலாரம் அடிக்க வாய்ப்பு உண்டு, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பிராய்லர் இல்லாவிட்டால் ஏர் ஃபிரையரில் 200 டிகிரியில் ஏழெட்டு நிமிடம், நடுவில் இரண்டு பூச்சு. ஊரில் ஓடிஜி இருந்தால் மேல் ராடு மட்டும் போட்டுச் செய்யலாம், நேரம் கொஞ்சம் கூடும். கரி அடுப்பு வைக்க வசதி இருக்கிறவர்கள் இவ்வளவு நேரம் என் பேச்சைக் கேட்டிருக்கத் தேவையில்லை, ஆனாலும் குக்கரில் வேகவைத்ததைக் கரியில் பத்து நிமிடம் காட்டினால் கிடைக்கிற வாசத்துக்கு ஓவன் பக்கத்தில்கூட வராது.

புகை வாசம்தான் இதில் உண்மையான குறை. மரப்புகை பட்ட ரிப்ஸை வெட்டினால் ஓரத்தில் ரோஜா நிற வளையம் தெரியும், அது புகையில் இருக்கும் வாயுக்கள் கறியின் சிவப்போடு சேர்வதால் வருவது, குக்கரில் வராது. வாசத்துக்கு லிக்விட் ஸ்மோக் உண்டு. பலர் ரசாயனம் என்று ஒதுக்குகிறார்கள், ஆனால் அது மரப்புகையைக் குளிரவைத்து இறக்கிய தண்ணீர்தான், அதையும் 1890களில் விற்க ஆரம்பித்தவர் இதே கான்சஸ் சிட்டியைச் சேர்ந்த எர்னஸ்ட் ரைட் என்கிற மருந்துக்கடைக்காரர். அரை டீஸ்பூன் குக்கர் தண்ணீரில், நாலு சொட்டு சாஸில். அதற்கு மேல் போனால் சாம்பல் தட்டை நக்கின மாதிரி இருக்கும். எனக்குப் புகைபோட்ட பாப்ரிகாவே போதுமாக இருக்கிறது.

பன்றி சாப்பிடாதவர்கள் மாட்டு விலாவில் இதையே செய்யலாம், கெட்டியான ஷார்ட் ரிப்ஸ் என்றால் எலக்ட்ரிக் குக்கரில் 40, 45 நிமிடம் பிடிக்கும், அதற்குத் தித்திப்புச் சாஸைவிட டெக்சாஸ்காரர்கள் மாதிரி உப்பும் மிளகும் மட்டும் போட்டால் நன்றாக இருக்கும். ஆட்டு விலாவில் கறி கொஞ்சம்தான், கொழுப்பு அதிகம், சீக்கிரம் வெந்துவிடும். நான் இரண்டு முறைதான் செய்திருக்கிறேன், மூன்றாவது முறை அதைச் சுக்காவாகவே வறுத்துவிட்டேன்.

ஒன்று மறந்துவிட்டேன், இது கறியைப் பற்றியது இல்லை. குக்கர் மூடியின் கேஸ்கட் இந்த வாசத்தை அப்படியே குடித்துவைத்துக்கொள்ளும், எலக்ட்ரிக் குக்கரின் சிலிக்கான் வளையம் இன்னும் மோசம். சோப்பு, வினிகர், வெயில் எல்லாம் பார்த்துவிட்டேன், முழுதாகப் போகாது. ரிப்ஸுக்கென்று தனியாக ஒரு கேஸ்கட் வாங்கிவிடுங்கள். வாங்காமல் நான் மறுநாள் காலை அதே குக்கரில் வெண்பொங்கல் வைத்தேன். நெய், மிளகு, சீரகம், கூடவே பார்பிக்யூ. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் ஒரு வாய் எடுத்துவிட்டு, "இந்த ஊர்ப் பருப்பே இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். ஆமாம் அத்தை என்று சொல்லிவைத்தேன்.